தண்ணி ஊத்துற பஞ்சவர்ணம்

முழங்கையை அண்டாவுக்குள் விட்டுப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார் பஞ்சவர்ணம். “இன்னாம்மா பத்மா, இது கொயந்தைக்கு ஊத்தறதுக்கா, கோயி உரிக்கறதுக்கா? ஒரு சொம்பு பச்சத்தண்ணி கொண்டா, ஜல்தி!” பச்சைத் தண்ணீர் வருகிறது. மறுபடியும் முழங்கை. இப்போது முகம் தெளிகிறது. புடவையை முட்டிக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நேராக நீட்டுகிறார். தொட்டில், கட்டில், குளியல் தொட்டி எல்லாமே அந்தக் கால்கள்தான். என் அக்கா பத்மாவின் மகன், இன்னும் பெயர்கூட வைக்காத பயல், அவற்றின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு தெருவே கேட்கும்படி அலறுகிறான்.

“உசாலிரே, உசாலிரே,” என்கிறார் பஞ்சவர்ணம், அவன் காதருகே குனிந்து. பயல் ஒரு கணம் அலறலை நிறுத்திவிட்டு யோசிக்கிறான்.

அக்காவின் மாமியார் வேம்புலியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “இன்னாடி அது, தெலுங்கா?”

“தெலுங்கு இல்ல பெரிம்மா, ஆப்பிரிக்கா. அயாதன்னு அர்த்தம்.”

“ஏன், தமிய்ல சொன்னா தொரை கேக்க மாட்டாரா?”

“தமிய்ல சொல்லிப் பாத்தேன், மதிக்கல. இத்துக்கு அடங்குறான் பாரு.”

அண்ணனூரில் ரயில் லைனுக்கு இந்தப் பக்கம் நாலைந்து வருடங்களாகப் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேரின் காதில் முதலில் விழுந்த வார்த்தைகளில் இதுவும் ஒன்று. அது மலாவி நாட்டுப் பேச்சு என்று பெற்றவர்களுக்கே தெரியாது. எனக்கும் பஞ்சவர்ணம் சொல்லித்தான் தெரியும். தெரிந்த நாளிலிருந்து இவரைப் பற்றி யாரிடமாவது சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரசவமான வீடுகளில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது இவர் தொழில். விடிகாலையில், அண்ணனூர் ரயில் ஷெட்டில் மின்சார ரயில்களைக் கழுவத் தொடங்கும் நேரத்தில் இவரும் முதல் வீட்டுக் கதவைத் தட்டுவார். எண்ணெய் தேய்த்து, கைகளைக் குறுக்கே மடக்கி நீவி, மூக்கை இரு விரலால் எடுத்துவிட்டு, கடைசியில் சாம்பிராணிப் புகை. குளிப்பாட்டி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குழந்தையைச் சுற்றிக் கொட்டுவது இந்துக் குடும்பங்களில் வழக்கம். பஞ்சவர்ணம் கிறிஸ்தவர். சுற்றாவிட்டால் வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள், சுற்றினால் சபையில் விடமாட்டார்கள். நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். சொம்பைச் சுற்றுவார், ஒவ்வொரு சுற்றுக்கும் “தோத்திரம்” என்பார். இரண்டு பக்கமும் திருப்தி.

நடக்கும்போது அவர் உடம்பு இடப்பக்கம் சாயும். இடுப்பு சற்று வெளியே தள்ளி நிற்கும். இடுப்பில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பது போலவே நடப்பார். யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இன்று தொழிற்பேட்டைக் கம்பெனிகள் நிற்கிற மண்ணூர்பேட்டை நிலத்தில் இவருடைய அப்பா முனியன் கூலிக்கு நாற்று நட்டவர். கட்டிக்கொடுத்த புருஷன் ஒருநாள் திருத்தணி வண்டி ஏறினான், இறங்கி வரவே இல்லை. பிள்ளையும் இல்லை. மண்ணூர்பேட்டையில் லேத்துப் பட்டறைக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெபவீடு இருக்கிறது. அங்கே பெருக்கித் துடைக்கப் போனவர், அங்கேயே விசுவாசியாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவராகவும் ஆனார். பாட்டும் பிரசங்கமும் முடியும்வரை அத்தனை குழந்தைகளும் இவர் கையில் சத்தமில்லாமல் கிடக்குமாம். இதைக் கவனித்தவர்கள் ஒரு டாக்டர் தம்பதி. மலாவியில் ஓர் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு ஊழியம் செய்யப் போக இருந்தவர்கள். “எங்களோடு வருகிறீர்களா?” என்று கேட்டார்கள்.

“மலாவின்னா மதுர பக்கம்னு நென்ச்சேன் நைனா. சரின்னுட்டேன்,” என்றார் என்னிடம். எண்பத்தாறில் பம்பாய் போய், நைரோபி போய், அங்கிருந்து இன்னொரு விமானம் ஏறி மலாவி போய்ச் சேர்ந்தார். ஆங்கிலம் தெரியாது. பள்ளிக்கூடம் போனதில்லை. கையில் ஒரு தகரப் பெட்டி, அதில் நாலு புடவை, ஒரு பொட்டலம் பயத்தமாவு.

அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் போதும், பஞ்சவர்ணத்தின் கண் மாறிவிடும். “ஒரு ஏரி கீது பாரு, கடலு மாதிரி. அக்கரை தெரியாது. ஆனா உப்பு இல்ல, மொண்டு குடிக்கலாம். அதுல பொடி மீனு புடிச்சு காயப் போடுவாங்க, நம்ம நெத்திலியேதான். சோளமாவுல வெள்ளக் களி கிண்டுவாங்க. களியும் நெத்திலியும். நானு ஊட்ட வுட்டுட்டு எங்க போனேன் சொல்லு? ஊட்டுக்குத்தான் போனேன்.”

பக்கத்து நாட்டில் சண்டை. எல்லை தாண்டி ஓடிவந்தவர்களின் பிள்ளைகள்தான் அந்த இல்லத்தில் நிறைய. பஞ்சவர்ணம் போன மறுநாளே குளியலறையைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். சம்பளம் கிடையாது, சாப்பாடும் ஒரு கட்டிலும் உண்டு. பிள்ளைகள் இவரை ‘அமாய்’ என்றார்கள். அந்த ஊரில் அம்மாவுக்கு அதுதான் வார்த்தை. “கப்பலு ஏறினாலும் அம்மா அம்மாதான்,” என்று சொல்லிச் சிரிப்பார். உடனே, “கப்பலு இல்ல, பிளேனு,” என்று தானே திருத்திக்கொள்வார்.

அங்கே போய் அவர் செய்த முதல் காரியம் ஒரு பெரிய ரகளையில் முடிந்தது. நம் ஊர்ப் பிள்ளைக்குக் குளித்ததும் கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்போம் அல்லவா? அவருக்குக் கை அதற்குத்தான் போனது. ஆனால் மை வைத்தால் அந்தக் கன்னங்களில் தெரியவில்லை. பொட்டென்றால் கண்ணில் படவேண்டுமே! யோசித்தார். வெள்ளைப் பல்பொடியைத் தண்ணீரில் குழைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இடது கன்னத்தில் ஒரே அளவாக ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டார். காலையில் மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்கார மேட்ரன் பார்த்திருக்கிறார். அத்தனை கன்னத்திலும் வெள்ளைத் திட்டு! ஏதோ தொற்று நோய் என்று பதறி, பிள்ளைகளைத் தனி அறையில் அடைத்து, படுக்கை விரிப்புகளையெல்லாம் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

“டாக்டர் ஐயா வந்தாரு. ஒரு பொட்ட நகத்தால சொரண்டுனாரு. மோந்து பாத்தாரு. அப்டியே சொவத்துல சாஞ்சுகினு சிரிக்கறாரு, சிரிக்கறாரு, அந்தம்மாவுக்கு ஒண்ணும் பிரியல. என்னிய கூப்டு, ‘ஒய் ஒய்’ன்னு கேட்டுது. எனுக்கு இன்னா தெரியும்? ‘லவ்வு, லவ்வு’ன்னேன்.”

லவ்வெல்லாம் சரி, பொட்டு கூடாது என்று உத்தரவாகிவிட்டது. பஞ்சவர்ணம் வேறு வழிக்கு மாறினார். பல்பொடி வேண்டாத வழி. குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தி நெட்டி முறிப்பது. படபடவென்று சத்தம் வரும். தலைக்குள்ளிருந்தா இந்தச் சத்தம் என்று பிள்ளைகளுக்கு ஆச்சரியம்! தினமும் குளித்து முடித்து வரிசையாக நின்றார்களாம், முகத்தை வழித்துக்கொள்ள. சத்தம் சரியாக வராவிட்டால் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்பார்களாம்.

அந்த வரிசையில் நிற்காமலே வாங்கிக்கொண்ட ஒருத்தி உண்டு. அவள் பெயர் சிசோமோ. எல்லையில் பிரசவித்துத் தாய் இறந்துபோக, தொப்புள்கொடி காயாத பிள்ளையாக இவர் கைக்கு வந்தவள். அந்த ஊரில் தாய்மார் பிள்ளையை முதுகில் துணிகட்டிச் சுமப்பார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகளை இடுப்பில் வைத்தால் பிடித்துக்கொள்ளத் தெரியாமல் சரிந்துவிடுவார்களாம். முதல் நாளிலிருந்தே இவர் இடுப்பில் வளர்ந்த சிசோமோவுக்கு முதுகு பழகவில்லை. மலாவியிலேயே இடுப்பில் உட்காரத் தெரிந்த ஒரே பிள்ளை அவள்தான் என்பது பஞ்சவர்ணத்தின் கட்சி.

“அத்தோட மூஞ்ச வழிச்சா கண்ண இறுக்கி மூடிக்கும் நைனா. நெட்டி முறியற சத்தம் கேக்கற வரிக்கும் தொறக்காது. கேட்டுதா, படக்குனு தொறக்கும். தொறந்து என்னியவே பாக்கும்.” இதைச் சொல்லும்போது பஞ்சவர்ணம் தன் கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் திறக்கவில்லை.

சிசோமோவுக்கு மூன்று வயது தாண்டியபோது பஞ்சவர்ணத்துக்கு மலேரியா. விட்டு விட்டு வந்து, ஆளையே உருக்கிவிட்டது. “ஊருக்குப் போய் ஓய்வெடுங்கள், உடம்பு தேறியதும் கூப்பிடுகிறோம்,” என்று தொண்ணூற்றொன்றில் அனுப்பிவைத்தார்கள். அதிலிருந்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.

காத்திருந்தார் என்றால் சும்மா இல்லை. அண்ணனூரில் தம்பி கன்னியப்பன் வீட்டில்தான் இருக்கிறார். வெளிநாடு போனபோது ரேஷன் கார்டிலிருந்து இவர் பெயரை எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளவே மாட்டார். தம்பி மனைவி கண்ணம்மா டீ ஆற்றும்போதெல்லாம் இதுதான் பேச்சு.

“பேரு இல்லாத ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் சக்கர கேக்குதா அண்ணி?”

“எதுக்குடி சேக்கணும்? சேத்தா திரும்ப எடுக்கணும். நாந்தான் போப்போறேனே.”

“போவ சொல்ல எடுத்துக்கலாம். இத்தினி வருசம் ஒன் பங்கு சக்கரய வாங்கியிருந்தா ஒரு கல்யாணத்துக்கு கேசரி கிண்டியிருக்கலாம்.”

“கிண்டுவே, கிண்டுவே. நா போனதுக்கு அப்பறம் கிண்டு.”

மலாவி இல்லத்திலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. அதில் பிள்ளைகள் எல்லோரும் நிற்கும் புகைப்படம். ஒவ்வொரு முகமும் உளுந்தளவு. பஞ்சவர்ணம் அதை வெயிலில் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். ஒரு முகத்தில் விரலை வைத்து, “இதான்,” என்றார். மறுநாள் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தபோது மறுபடி அட்டையை எடுத்து வேறொரு முகத்தில் விரல் வைத்து, “இதுவா இருக்குமோ?” என்றார். அதற்கடுத்த நாள் அட்டையைக் கொண்டுவரவே இல்லை. கேட்டேன். “போட்டோல இன்னா கீது? சின்னப் புள்ளிங்க மாசத்துக்கு ஒரு மூஞ்சி மாத்தும்,” என்று பேச்சை வெட்டிவிட்டார்.

அதன் பிறகுதான் அவர் ஜமீலாவைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சுலைமானின் மகள் ஜமீலா. சிசோமோ மலாவியில் இவர் கைக்கு வந்த அதே மழை மாதத்தில் அண்ணனூரில் பிறந்தவள். இது தெரிந்ததும் பஞ்சவர்ணம் தினமும் கடை வழியாகத்தான் வீடு திரும்புவார். “ஜமீலா, நிமிந்து நில்லு!” அவள் நிற்பாள். உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, அதை அப்படியே நேராகத் தன் உடம்புக்கு இழுத்துவருவார். கை எங்கே வந்து இடிக்கிறதோ, அதுதான் அன்றைய தேதிக்குச் சிசோமோவின் உயரம். முதலில் தொப்புளில் இடித்தது. பிறகு விலாவுக்கு ஏறியது. இப்போது நெஞ்சுக்கு வந்துவிட்டது.

“பஞ்சும்மா, நேத்துதான அளந்தே? ஒரே ராத்திரில நானு இன்னா தென்ன மரமா?” என்பாள் ஜமீலா.

“வளந்துட்டு சொல்லாம இருந்துட்டா?”

சுலைமான் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே சிரிப்பார். “யக்கா, எம் பொண்ண இன்னா துணிக்கடை மீட்டருன்னு நென்ச்சுகினியா? தேஞ்சுடப் போறா.”

ஜமீலாவுக்கு முன்பல் விழுந்தபோது, “அங்கயும் வுயுந்திருக்கும்,” என்றார் பஞ்சவர்ணம். ஜமீலா பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு ஏறினால் அங்கேயும் ஏறியிருப்பாள். ஜமீலாவுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் வீங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணம் ஜெபவீட்டில் எழுந்து நின்று, மலாவியில் சிசோமோ என்ற பிள்ளைக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது, எல்லோரும் ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சபையும் மனமுருகி ஜெபித்தது. நாலு நாளில் ஜமீலாவுக்கு வீக்கம் வடிந்தது. “பாத்தியா?” என்றார் என்னிடம். தலையை ஆட்டினேன்.

சென்ற ஆவணியில் செய்தி வந்தது. மலாவி இல்லத்துக்கு மறுபடியும் ஓர் ஆள் வேண்டுமாம், இங்கிருந்து ஒருவரை அனுப்பப்போகிறார்களாம். பஞ்சவர்ணம் அன்று மாலையே தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வெயிலில் காயவைத்தார். கர்ப்பிணிகளிடம், “மார்கயில பொறக்கற புள்ளைக்கு வேற ஆளு பாத்துக்கமா, நா இருக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஜமீலாவை அளந்தார்.

போகிறவர்களை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். சந்தோஷமாகப் போய் வந்தார். ஆனால் பழைய மலேரியா உடம்பை விட்டுப் போகவில்லை என்பது கண்ணம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதியத்தில் திடீரென்று நடுக்கம் வரும். “ஒண்ணுமில்ல, காத்து,” என்று சுவரோரம் ஒண்டிக்கொள்வார்.

ஒரு பிற்பகல் ஜெபவீட்டு பாஸ்டர் குணசேகரன் சைக்கிளில் வந்தார். நான் கன்னியப்பனோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். பாஸ்டர் நல்ல மனிதர். வயிற்றில் கெட்ட செய்தியை வைத்துக்கொண்டு பேசத் தெரியாதவர். வந்ததும் வராததுமாய், “சிஸ்டர், டாக்டர் சொல்லிட்டாரு,” என்றார்.

பஞ்சவர்ணம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “இன்னான்னாரு?”

“மண்ணீரல் வீங்கியிருக்காம். இன்னொரு தரம் மலேரியா வந்தா உசுருக்கே ஆபத்துன்னுட்டாரு. அனுப்ப முடியாது சிஸ்டர். இனிமே... எப்பவுமே.”

“எனுக்கு ஜொரமே இல்லியே பாஸ்டர்.”

“போன வாரம் ஜெபத்துல உக்காந்து நடுங்குனீங்களே?”

“அது பரிசுத்த ஆவி.”

“ஆவி எறங்குனா கம்பளி கேப்பாங்களா சிஸ்டர்?”

கன்னியப்பன் சிரித்துவிட்டான். உடனே தன் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பஞ்சவர்ணம் கீரைக் காம்பைத் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு கேட்டார். “யாரு போறாங்க?”

“ஆவடி குவார்ட்டர்ஸ்லேர்ந்து வருவாங்கள்ள, நர்ஸ் வயலட். அவங்கதான்.”

“அந்த சின்னப் பொண்ணா? அத்துக்கு புள்ளைய குளிப்பாட்டத் தெரியுமா?”

“படிச்ச நர்சு சிஸ்டர்.”

“தெரிஞ்சா சரி,” என்றார் பஞ்சவர்ணம். கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “கண்ணம்மா... கார்டுல பேர சேத்துடச் சொல்லு.”

கண்ணம்மா எப்போதும் ஏதாவது பதில் வைத்திருப்பவள். அன்று அடுப்பில் டீ வைத்தாள். நாத்தனாரின் தம்ளரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கியதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் வயலட் தானாகவே அண்ணனூருக்குத் தேடி வந்தாள். அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் வளர்ந்தும் பேச்சில் ஊர் போகவில்லை. பஞ்சவர்ணம் பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, நான் வயலட். அங்க எப்படி இருக்கும்னு உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“கொசு கீது. தண்ணி கீது. புள்ளிங்க கீது.”

“அவ்வளவுதானாக்கா? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிய?”

“போனா தெரிஞ்சுடும்.”

“எங்க அம்மா ராவும் பகலும் அழுதுக்கிட்டே கெடக்கா. எனக்கும் பயந்து வருது. பிள்ளைங்க நம்மகிட்ட ஒட்டுமாக்கா?”

“எனுக்கு ஒட்டுச்சி,” என்றார் பஞ்சவர்ணம். அந்த ‘எனுக்கு’ என்ற வார்த்தையை அவர் அழுத்திய அழுத்தத்தில் வயலட்டின் முகம் சுருங்கிவிட்டது. அவள் பையிலிருந்து ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, “வாரேங்க்கா,” என்று எழுந்து போனாள். பஞ்சவர்ணம் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. அந்தப் பெண் என்ன செய்வாள்? ஆனால் அவள் ஸ்டேஷன் திருப்பத்தில் மறையும்வரை பஞ்சவர்ணம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நடையை, அவள் கைகளை, அவள் இடுப்பை.

“ஒல்லி,” என்றார் கடைசியில். “இடுப்பே இல்ல. எங்க வெச்சுக்குவா?”

வயலட்டை வழியனுப்பும் கூட்டம் டிசம்பர் முதல் ஞாயிறு. நானும் போயிருந்தேன். பக்கத்து லேத்துப் பட்டறைக்கு அன்று விடுமுறை, அதனால் பாட்டெல்லாம் நன்றாகக் கேட்டது. வயலட்டை முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து சால்வை போர்த்தியிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்து ஏதாவது தந்தார்கள். எலுமிச்சை ஊறுகாய், இட்லிப் பொடி, தலைவலித் தைலம். “பிளேன்ல ஏத்துவாங்களா, இல்ல லாரி புடிக்கணுமா?” என்று பாஸ்டர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வயலட்டும் சிரித்தாள். அவளுடைய அம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

பஞ்சவர்ணம் கடைசி வரிசையில், கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஜெபவீட்டில் எப்போதும் இப்படித்தான் உட்காருவார். அதற்கு ஒரு காரணம் உண்டு. மலாவியிலிருந்து வந்த புதிதில் சபைப் பிள்ளை ஒன்றின் முகத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டார். பாஸ்டர் பார்த்துவிட்டு, “விசுவாசிக்கு ஏது சிஸ்டர் திருஷ்டி? அதெல்லாம் நாம விட்டுட்டு வந்தது,” என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். “திருஷ்டி இல்ல பாஸ்டர், கை தானா போவுது,” என்றார் இவர். அன்றிலிருந்து கை தானாகப் போகாதபடி அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார்.

வரிசை கரைந்தது. எல்லோரும் கொடுத்து முடித்தார்கள். பஞ்சவர்ணம் எழுந்து முன்னால் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. வயலட் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அன்று பட்டதை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கொஞ்சம் பயந்தாற்போல இருந்தாள்.

“அக்கா...”

“அங்க சிசோமோன்னு ஒரு புள்ள கீது.”

“பேரு சொல்லியிருக்காங்கக்கா. பாஸ்டர் சொன்னாவ.”

“எனுக்கு போட்டோ காட்டத் தெரியாது. மூஞ்சி மாறிப்புட்டிருக்கும். நீ மூஞ்ச வச்சு தேடாத.” பஞ்சவர்ணத்தின் குரல் சபைக் கூடம் முழுக்கக் கேட்டது. “நேத்து ஜமீலாவ அளந்துட்டுத்தான் வந்தேன். இந்த ஒசரம் இருப்பா.” உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். “இதுக்கு மேலயும் தேடாத, கீயயும் தேடாத. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுக்கா.”

“குடுக்கறதுக்கு எங்கிட்ட ஊறுகா கீறுகா இல்ல. ஒண்ணுதான் கீது. நல்லா பாத்துக்கோ. அங்க போய் இத்தயே குடு.”

வயலட் தன்னைத்தான் கட்டிக்கொள்ளப்போகிறார் என்று நினைத்து ஓரடி முன்னால் வந்தாள். “நீ தள்ளிக்கோ,” என்றார் பஞ்சவர்ணம். அவள் நகர்ந்துகொண்டாள். பாஸ்டர் குணசேகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குனிந்து, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த ஊறுகாய்ப் பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தார்.

பஞ்சவர்ணம் சற்றே குனிந்தார். நெஞ்சளவு உயரத்தில், யாரும் இல்லாத இடத்தில், இரண்டு கைகளையும் குவித்துக் காற்றை மெதுவாக வழித்தார். கன்னம், தாடை, எல்லாம் அளவாக. விரல்களை மடக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தினார். பத்து விரலும் படபடவென்று முறிந்த சத்தம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வரை போனது.

கைகளை அவர் இறக்கவில்லை. குனிந்தபடியே, அந்த உயரத்தில், அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.